தோல் பதனிடுபவர் வீட்டு வாசலில் ஐரோப்பா



2026ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள், புது டெல்லியில் நடந்த உச்சி மாநாட்டில், இந்தியாவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையிலான தடையற்ற வணிக ஒப்பந்தப் பேச்சு நிறைவடைந்ததாக அறிவிக்கப்பட்டது. பிரதமர் நரேந்திர மோடி, ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் உர்சுலா வான் டெர் லெயன், ஐரோப்பிய மன்றத்தின் தலைவர் அந்தோனியோ கோஸ்தா ஆகிய மூவரும் சேர்ந்து இதை அறிவித்தனர். முந்தின நாள் நடந்த குடியரசு தின விழாவில் அவ்விரு ஐரோப்பியத் தலைவர்களும் சிறப்பு விருந்தினர்களாக இருந்தார்கள். கோஸ்தா அவர்களின் தந்தைவழிக் குடும்பம் கோவாவைச் சேர்ந்தது என்பதால் நம் நாட்டுக் கத்தோலிக்கர் பலருக்கும் அதில் ஒரு தனி மகிழ்ச்சி.

மறுநாள் செய்தித்தாள்கள் பெரும்பாலும் கார் விலை குறையுமா, ஒயின் விலை குறையுமா என்றுதான் எழுதின. நம் பகுதியில் எழவேண்டிய கேள்வி வேறு. ஆம்பூரிலும், வாணியம்பாடியிலும், பேரணாம்பட்டிலும், இராணிப்பேட்டையிலும் தைக்கப்படும் காலணிகளில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்குத்தான் போகிறது. ஜோலார்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களில் விடிவதற்கு முன்பே கம்பெனிப் பேருந்துக்காகக் காத்து நிற்கும் பெண்களின் உழைப்பு அது. எனவே இந்த ஒப்பந்தத்தைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு. அதை நற்செய்தியின் ஒளியில் பார்க்கவேண்டிய கடமையும் உண்டு.

நீண்ட பேச்சுவார்த்தை

ஐரோப்பாவுடன் நமக்குள்ள அரசு முறை உறவு புதியது அல்ல. அன்றைய ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்துடன் 1962-லேயே இந்தியா தூதரக உறவை ஏற்படுத்திக்கொண்டது. 1994-ல் ஒத்துழைப்பு உடன்படிக்கை கையெழுத்தானது. முதல் உச்சி மாநாடு 2000ஆம் ஆண்டு லிஸ்பன் நகரில் நடந்தது. 2004-ல் இரு தரப்பினரும் தங்கள் உறவைச் சிறப்புக் கூட்டுறவாக உயர்த்தினார்கள். வணிக ஒப்பந்தத்துக்கான பேச்சு 2007-ல் தொடங்கி 2013-ல் நின்றுபோனது. கார், மதுபானம், மருந்துக் காப்புரிமை, நம் இளைஞர்களுக்கான விசா என்று பல முட்டுக்கட்டைகள். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2022 ஜூன் மாதம் பேச்சு மீண்டும் தொடங்கியது.

அதன்பின் வேகம் கூடியதற்கு உலகச் சூழ்நிலையே காரணம். உக்ரைன் போருக்குப்பின் ஐரோப்பா புதிய நண்பர்களைத் தேடியது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள்மீதான கூடுதல் வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, ஒரே வாடிக்கையாளரை நம்பி இருப்பது எத்தனை ஆபத்து என்பது நமக்கும் விளங்கியது. அமெரிக்கா அந்த வரி விகிதத்தைப் பின்னர் குறைத்தது. ஆனாலும் அந்த அச்சம் விட்ட பாடம் மறக்கவில்லை. 45 கோடி மக்கள் வாழும் 27 நாடுகளின் கூட்டமைப்பும், 140 கோடி மக்கள் வாழும் நம் நாடும் கைகோத்தது அப்படித்தான்.

பேச்சு முடிவது வேறு, ஒப்பந்தம் நடைமுறைக்கு வருவது வேறு என்பதையும் நினைவில் கொள்வோம். சட்ட நுணுக்கச் சரிபார்ப்பு, கையெழுத்து, ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் இசைவு என்று பல படிகளை அது கடக்கவேண்டும்.

இங்கு கத்தோலிக்கர்களாகிய நாம் ஒன்றை எண்ணிப் பார்ப்பது நல்லது. ஐரோப்பிய ஒன்றியம் வணிக ஆசையால் மட்டும் பிறந்தது அல்ல. 1950ஆம் ஆண்டு மே 9ஆம் நாள், பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் இராபர்ட் ஷூமான், நிலக்கரியையும் இரும்பையும் பிரான்சும் ஜெர்மனியும் ஒரே பொது நிர்வாகத்தின்கீழ் கொண்டுவரவேண்டும் என்று முன்மொழிந்தார். போர்க் கருவிகள் செய்யப் பயன்படும் பொருட்கள் பொதுவாகிவிட்டால் மீண்டும் போர் மூளாது என்பது அவரது நம்பிக்கை. ஷூமான் பக்தியுள்ள கத்தோலிக்கர். 2021-ல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவர் நிலைக்கு உயர்த்தினார். அவருக்கு வணிகம் ஒரு வழி. அமைதியும் மனித மாண்பும்தான் இலக்கு. அந்த அளவுகோலைக்கொண்டே இன்றைய ஒப்பந்தத்தையும் அளந்து பார்ப்போம்.

வரி போகிறது, அந்தப் பணம் யாருக்கு?

தோல் பொருட்கள், காலணிகள்மீது ஐரோப்பா விதிக்கும் 17 சதவீதம் வரையிலான வரி முற்றிலும் நீங்கும் என்று மத்திய அரசு அறிவித்துள்ளது. இந்த 17 என்ற எண்ணைச் சற்றுக் கவனமாகப் பார்க்கவேண்டும். ரப்பர், பிளாஸ்டிக், துணி ஆகியவற்றால் ஆன காலணிகளுக்குத்தான் ஏறக்குறைய அந்த அளவு வரி. ஆம்பூரில் அதிகம் செய்யப்படும் தோல் காலணிகளுக்குப் பொதுவான விகிதம் பெரும்பாலும் 8 சதவீதம்தான். ஆக, இந்தச் சலுகையின் பெரும்பங்கு விளையாட்டுக் காலணி செய்யும் புதிய, பெரிய தொழிற்சாலைகளுக்குப் போகக்கூடும். தோல் காலணிக்குக் கிடைப்பது சிறிதே. ஆனாலும் பயனற்றது அல்ல.

இதை ஒரு கணக்காகப் பார்ப்போம். ஆம்பூரிலிருந்து போகும் ஒரு ஜோடி காலணியின் விலை 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பொதுவான விகிதப்படி, ஹாம்பர்க் துறைமுகத்தில் அதை இறக்குமதி செய்பவர் 80 ரூபாய் வரி கட்டவேண்டும். நாளை அந்த 80 ரூபாய் மிச்சமாகும். அது யாருடைய கைக்குப் போகும்?

இறக்குமதி செய்பவர் தானே வைத்துக்கொள்ளலாம். கடையில் விலையைக் குறைத்து வாடிக்கையாளருக்குக் கொடுக்கலாம். ஆர்டரைக் கூட்டி நம் ஏற்றுமதியாளருக்கு வாய்ப்பளிக்கலாம். அல்லது அதில் ஒரு பகுதி, தைத்த பெண்ணின் சம்பள உறையை வந்து சேரலாம். இந்த நான்கு வழிகளில் கடைசி வழி மட்டும் தானாகத் திறக்காது. பங்களாதேஷ் 2001 முதலே வரியின்றி ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்துவருகிறது. வியட்நாமுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான ஒப்பந்தம் 2020 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அவர்களோடு போட்டியிட நாமும் விலையைக் குறைக்கவேண்டும் என்று வாங்குபவர் சொன்னால், அந்த 80 ரூபாய் அங்கேயே கரைந்துபோகும். தொழில் இங்கே நிற்கும், வேலை நிலைக்கும் என்பது உண்மைதான். அது சிறிய நன்மை அல்ல. பெண்கள் சொந்தக் காலில் நின்று பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியிருப்பது இந்தத் தொழிலால்தான். இசுலாமியச் சகோதரர்கள் பல தலைமுறைகளாக முதலீடு செய்து வளர்த்த தொழில் இது. தலித் மக்களின் கைத்திறனால் நிலைத்த தொழிலும் இதுவே. இது நசிந்துபோகவேண்டும் என்று யாரும் விரும்பமாட்டோம்.

ஆனால் தொழில் நிற்பதும் தொழிலாளர் உயர்வதும் ஒன்றல்ல. வீடு மந்திரிக்கச் செல்லும்போது சில வீட்டுத் திண்ணைகளில் ஷூ அப்பர்கள் நிறைந்த கோணிப்பையைப் பார்த்திருக்கிறேன். கம்பெனிக்குப் போகமுடியாத தாய்மாரும் வயதானவர்களும் அவற்றைக் கையால் தைத்துக் கொடுக்கிறார்கள். கூலி ஒரு ஜோடிக்கு இவ்வளவு என்பதுதான். ஊசி குத்திய விரலுக்கும், குனிந்தே இருந்து வலிக்கும் முதுகுக்கும் தனிக் கணக்கு கிடையாது. ஆம்பூர்ப் பகுதியில் இப்படித் தைப்பவர்களைப் பற்றி 2016-ல் பிரிட்டனில் ஓர் ஆய்வறிக்கை வெளியானது. அங்கே 40 முதல் 100 பவுண்டு வரை விற்கும் காலணிக்கு, தைத்தவருக்குக் கிடைத்தது ஒரு ஜோடிக்குப் பத்து பென்சுக்கும் குறைவு, அதாவது அன்றைய மதிப்பில் ஏறக்குறைய பத்து ரூபாய் என்று அது கூறியது. வீட்டில் இருந்து வேலை செய்பவர்களைத் தொழிலாளர்களாக ஏற்கவேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996-ல் நிறைவேற்றிய 177ஆம் உடன்பாட்டை இந்தியா இன்றுவரை ஏற்று உறுதிசெய்யவில்லை.

காலுக்குக் கிடைத்த பாதுகாப்பு

ஐரோப்பா நம்மிடம் வாங்கும்போது விதிகளையும் சேர்த்தே அனுப்புகிறது. அந்த விதிகளின் வரலாறு நம் பகுதிக்கு ஒரு பெரிய பாடம்.

தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் பென்டாகுளோரோபீனால் என்ற இரசாயனம் ஒரு காலத்தில் பரவலாகப் பயன்பட்டது. 1989-ல் ஜெர்மனி அதைத் தடைசெய்தது. நம் தோல் அங்கே நிராகரிக்கப்படும் நிலை வந்தது. உடனே சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும், தொழில்துறையும், அரசும் சேர்ந்து உழைத்தன. சில ஆண்டுகளுக்குள் மாற்று மருந்துகள் வந்தன. அடுத்து, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சில அசோ சாயங்களை ஜெர்மனி 1994-ல் தடைசெய்தது. 1997-ல் இந்திய அரசே அவற்றைத் தடைசெய்தது. தோல் காலணியில் ஆறிணைதிறக் குரோமியம் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக்கூடாது என்ற விதியை ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் நாளிலிருந்து நடைமுறைப்படுத்தியது. அது தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதே காரணம். அதற்கும் நம் தொழிற்சாலைகள் பழகிக்கொண்டன. ஆய்வுக்கூடச் சான்று இல்லாமல் சரக்கு ஏறாது என்ற நிலை வந்தது.

இவையெல்லாம் நல்லவையே. அந்த நச்சுப்பொருட்களைக் கையால் தொட்ட நம் தொழிலாளர்களுக்கும் இதனால் நன்மை உண்டானது. முடியாது என்று நினைத்தவை முடிந்தன. ஐரோப்பாவில் காலணி அணிபவரின் பாதம் காக்கப்பட்டது.

பாலாற்றுக்குக் கிடைக்காத பாதுகாப்பு

இப்போது அதே காலத்தில் பாலாற்றங்கரையில் நடந்ததைப் பார்ப்போம்.

வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் 1991-ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு நீர், பாலாற்றையும் நிலத்தடி நீரையும் விளைநிலங்களையும் பாழாக்கிவிட்டது என்பது முறையீடு. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதியரசர் குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. இந்தப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிர் செய்யத் தகுதி இழந்தது என்ற ஆய்வையும், ஒரு கிலோ தோல் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பதையும் தீர்ப்பு பதிவுசெய்தது. தோல் தொழில் அந்நியச் செலாவணி ஈட்டுவது உண்மையே, ஆனாலும் மக்களின் நலத்தை அழிக்க அதற்கு உரிமை இல்லை என்பதே தீர்ப்பின் சாரம். மாசுபடுத்துபவரே அதற்கான செலவை ஏற்கவேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்பதை இந்த வழக்கு உறுதிசெய்தது. உலகெங்கும் சட்டக் கல்லூரிகளில் நம் வேலூரின் பெயர் படிக்கப்படுகிறது.

ஆனால் வயலில் என்ன நடந்தது? தீர்ப்பின்படி அமைந்த ஆணையம் 2001-ல் இழப்பீட்டை நிர்ணயித்தது. பாதிக்கப்பட்டோர் என்று 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அடையாளம் காணப்பட்டனர். பலருக்கு அந்தப் பணம் ஆண்டுக்கணக்கில் வரவில்லை. மீண்டும் நீதிமன்றப் படிகள். கடைசியில் 2025 ஜனவரி 30-ல் நீதியரசர்கள் பர்திவாலா, மகாதேவன் ஆகியோர் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு மற்றுமொரு தீர்ப்பளித்தது. மீதமுள்ள இழப்பீட்டை அரசு உடனே கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கவேண்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழு அமைக்கவேண்டும் என்று உத்தரவிட்டது. முதல் வழக்குக்கும் இந்தத் தீர்ப்புக்கும் இடையே 34 ஆண்டுகள். வழக்குத் தொடுத்தபோது நடுவயதில் இருந்த விவசாயிகளில் எத்தனை பேர் இதைக் கேட்க உயிரோடு இருந்தார்கள்?

இடையில் 2015 ஜனவரி 31 விடியற்காலையில், இராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் உள்ள ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட பத்துப் பேர் அந்தச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

2019 ஜூலையில் சென்னை தாகத்தால் தவித்தபோது, நம் ஜோலார்பேட்டையிலிருந்து இரயில் மூலம் குடிநீர் போனது நினைவிருக்கும். ஜூலை 12-ல் முதல் இரயில் 50 தொட்டிகளில் 25 இலட்சம் லிட்டரைக் கொண்டுபோனது. நாடே நம் ஊரைப் பாராட்டியது. அது எந்தத் தண்ணீர் என்று நினைத்துப் பார்த்தோமா? அது கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் குழாய் வழியாக வந்த காவிரி நீர். வேறொரு ஆற்றின் தண்ணீரைக் குடித்துத்தான் பாலாற்றுப் பிள்ளைகள் வாழ்கிறார்கள்.

பாலாறு வறண்டதற்குத் தோல் தொழில் மட்டுமே காரணம் என்று சொல்லமுடியாது. மேலே கட்டிய தடுப்பணைகள், மணல் கொள்ளை, மழைக் குறைவு எல்லாம் சேர்ந்ததுதான். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும், கழிவு நீரை மீண்டும் பயன்படுத்தும் முறையும் வந்தபின் நிலைமை முன்பைவிட மேம்பட்டிருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். இருந்தாலும் இரண்டு வரலாறுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாங்குபவரின் பாதத்தைக் காக்கும் விதி சில ஆண்டுகளில் நிறைவேறியது. செய்பவரின் கிணற்றைக் காக்கும் தீர்ப்பு ஒரு தலைமுறை கடந்தும் முழுதாய் நிறைவேறவில்லை. நம்மிடம் அறிவியல் இல்லாததாலோ பணம் இல்லாததாலோ அப்படி நடக்கவில்லை. முதல் விதியை மீறினால் ஆர்டர் போய்விடும். இரண்டாவதை மீறினால் ஆர்டர் போகாது. அதுதான் வேறுபாடு.

இந்த ஒப்பந்தத்தில் தொழிலாளர் உரிமை, சுற்றுச்சூழல், பெண்கள் முன்னேற்றம் ஆகியவைபற்றித் தனி அத்தியாயம் இருப்பதாக ஐரோப்பிய ஆணையம் தெரிவித்துள்ளது. வரவேற்கத்தக்கதே. ஆனால் நம் அனுபவம் கேட்கும் கேள்வி இதுதான்: அந்த அத்தியாயத்தை மீறினால் ஆர்டர் போகுமா? ஐரோப்பாவும் தடுமாறாமல் இல்லை. பெரிய நிறுவனங்கள் தங்களுக்குப் பொருள் செய்து தரும் இடங்களிலெல்லாம் மனித உரிமையையும் சூழலையும் கண்காணிக்கவேண்டும் என்று 2024-ல் ஒரு சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டே அது நடைமுறைக்கு வரும் நாளைத் தள்ளிவைத்தது.

திருச்சபையின் படிப்பினை

1891-ல் திருத்தந்தை 13ஆம் லியோ (சிங்கராயர்) எழுதிய ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடல், கூலி ஒப்பந்தத்தைப் பற்றி ஓர் உண்மையைக் கற்பித்தது. முதலாளியும் தொழிலாளியும் சம்மதித்துவிட்டார்கள் என்பதால் மட்டும் ஒரு கூலி நீதியானதாகிவிடாது. பசியின் நெருக்கடியில் தரப்படும் சம்மதம் முழுமையான சம்மதம் அல்ல. குடும்பம் மாண்போடு வாழப் போதுமானதா என்பதே அளவுகோல்.

1967-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் ‘மக்களின் முன்னேற்றம்’ என்ற சுற்றுமடலில் இதே படிப்பினையை நாடுகளுக்கு இடையிலான வணிகத்துக்கும் விரித்தார். சமநிலையில் இல்லாத இருவர் செய்துகொள்ளும் ஒப்பந்தம், சட்டப்படி சரியாக இருந்தாலும் நீதிப்படி தவறாக இருக்கமுடியும் என்றார். வலிமை வேறுபாடு மிகும் இடத்தில் தடையற்ற சந்தை மட்டும் நீதியைத் தராது என்பது அவர் வாதம். அவர் 1964 டிசம்பரில் மும்பை வந்து நம் நாட்டு ஏழைகளைக் கண்ணாரக் கண்டவர். 2015-ல் திருத்தந்தை பிரான்சிஸ், பூமியின் அழுகுரலும் ஏழையின் அழுகுரலும் ஒன்றே என்று ‘இறைவா உமக்கே புகழ்’ மடலில் காட்டினார். பாலாற்றங்கரையில் வாழும் நமக்கு அதை விளக்க வேறு உதாரணம் தேவையில்லை. 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை 14ஆம் லியோ, தொழிலாளருக்காகக் குரல் கொடுத்த 13ஆம் லியோவை நினைத்தே அப்பெயரை ஏற்றதாகக் கூறியிருக்கிறார்.

இந்தியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் இன்று ஏறக்குறைய சமபலத்தோடு மேசையில் அமர்கின்றன. அது பெருமைக்குரியதே. ஆனால் ஆறாம் பவுல் சொன்ன ஏற்றத்தாழ்வு அந்த மேசைக்கு வெளியே இருக்கிறது. பெர்லினில் உள்ள கடைக்கும் ஆம்பூர்த் திண்ணையில் தைக்கும் தாய்க்கும் இடையே இருக்கிறது. நம் நாட்டுக்குள்ளேயே, ஏற்றுமதி செய்பவருக்கும் தண்ணீர் கெட்ட விவசாயிக்கும் இடையே இருக்கிறது.

யோப்பாவில் ஒரு வீடு

திருத்தூதர் பணிகள் நூலில் பேதுரு யோப்பா நகருக்கு வருகிறார். கடலோரத்தில் சீமோன் என்பவர் வீட்டில் பல நாள் தங்குகிறார். அந்தச் சீமோன் தோல் பதனிடுபவர். செத்த விலங்குகளைத் தொட்டு வேலை செய்ததால் யூத சமூகம் தோல் பதனிடுபவரைத் தீட்டுள்ளவராகக் கருதி ஊருக்கு ஒதுக்குப்புறமாக வைத்தது. அந்த ஒதுக்கம் எப்படிப்பட்டது என்று நம் சேரிகளில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. திருச்சபையின் தலைவர் அந்த வீட்டைத்தான் தேர்ந்துகொண்டார்.

அங்கே மாடியில் செபித்துக்கொண்டிருந்தபோதுதான், கடவுள் தூய்மைப்படுத்தியதைத் தீட்டு என்று எண்ணக்கூடாது என்ற காட்சி பேதுருவுக்குக் கிடைத்தது. அதே நேரம் வாசலில் ஆட்கள் வந்து நிற்கிறார்கள். அனுப்பியவர் கொர்னேலியு, இத்தாலியப் படைப்பிரிவின் நூற்றுவர் தலைவர். அன்றைய ஐரோப்பிய வல்லரசின் அதிகாரியுடைய ஆட்கள், தோல் பதனிடுபவரின் வீட்டைத் தேடிவந்தார்கள். யூதரும் பிற இனத்தாரும் ஒரே குடும்பமாகும் பாதை அந்த வாசலிலிருந்து தொடங்கியது.

கொர்னேலியுவின் ஆட்கள் சீமோனிடம் தோல் வாங்க வரவில்லை. அவர் வீட்டில் தங்கியிருந்த ஒருவரைத் தேடி வந்தார்கள். இன்றும் ஐரோப்பா தோல் பதனிடுபவரின் வாசலுக்கு வருகிறது. தோலை மட்டும் எடுத்துக்கொண்டு போகுமா, வீட்டுக்குள் வாழும் மனிதரையும் பார்க்குமா?

இறைவாக்கினர் ஆமோஸ், ஒரு சோடி காலணிக்காக ஏழையை விற்றவர்களைக் கண்டித்தார். திருமுகம் எழுதிய யாக்கோபு, பிடித்துவைத்த கூலி கூக்குரலிட்டு ஆண்டவரின் செவிக்கு எட்டுகிறது என்று எச்சரித்தார். காலணியும் கூலியும் விவிலியத்துக்குப் புதிய பேச்சு அல்ல.

நம் பங்குகளில் என்ன செய்யலாம்?

பிரசல்சிலும் டெல்லியிலும் எழுதப்படும் எழுத்தை மாற்ற நமக்கு வலிமை இல்லை என்று சொல்லி ஒதுங்கிவிடக்கூடாது. நம் கைக்கு எட்டும் சில காரியங்கள் உண்டு.

முதலாவது, வீட்டில் இருந்து தைப்பவர்களைப் பதிவு செய்வோம். தமிழக அரசின்கீழ் காலணி, தோல் பொருட்கள் உற்பத்தி மற்றும் தோல் பதனிடும் தொழிலாளர் நலவாரியம் இயங்குகிறது. பதிவு செய்தவர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, பேறுகால உதவி, 60 வயதுக்குமேல் ஓய்வூதியம் போன்றவை கிடைக்கும். ஒவ்வோர் அன்பியமும் தன் எல்லையில் இப்படித் தைப்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் பதிவு செய்தவர்கள் என்று ஒரு ஞாயிறு மாலையில் கணக்கெடுக்கலாம். படித்த இளைஞர்கள் விண்ணப்பம் நிரப்பித் தரலாம். மதம் பார்க்கவேண்டாம்.

இரண்டாவது, கம்பெனியில் வேலை செய்பவர்கள் தங்கள் பி.எஃப். கணக்கில் பணம் சேர்கிறதா, இ.எஸ்.ஐ. அட்டை நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். செல்பேசியிலேயே பார்க்கலாம். தெரியாத தாய்மாருக்கு அவர்கள் பிள்ளைகள் காட்டிக்கொடுக்கட்டும்.

மூன்றாவது, நம் மக்களில் சிலர் மேற்பார்வையாளர்களாகவும், அப்பர் தைக்கக் கொடுத்து வாங்கும் ஏஜெண்டுகளாகவும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பெனி ஒரு ஜோடிக்கு எவ்வளவு தருகிறது, நீங்கள் எவ்வளவு தருகிறீர்கள் என்பது ஆண்டவருக்குத் தெரியும். ஐரோப்பா சலுகை தரும் நாளில் அந்த வேறுபாட்டை நீங்கள் குறைத்தால், இந்த ஒப்பந்தத்தின் முதல் நற்பயன் உங்கள் வழியாகவே வரும்.

நான்காவது, 2025ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி இழப்பீடு பெற உரிமையுள்ளவர்கள் நம் கிராமங்களில் உண்டு. பட்டியலில் இருந்த தந்தை இறந்திருந்தால், வாரிசுகள் தங்கள் பத்திரங்களை எடுத்து வைத்து, வருவாய்த்துறை அலுவலகத்தில் விசாரிக்கட்டும். தனியாகப் போகத் தயங்குபவர்களோடு பங்குப் பேரவையினர் கூடப் போகலாம்.

ஐந்தாவது, மே முதல் நாள் தொழிலாளரான புனித யோசேப்பின் விழா. தொழிலாளர் நாளையே புனிதப்படுத்தும் நோக்கில் 1955-ல் திருத்தந்தை 12ஆம் பயஸ் ஏற்படுத்திய விழா அது. அன்று காணிக்கைப் பவனியில் ஓர் அப்பரும், ஓர் ஊசியும், ஒரு குவளை பாலாற்றுப் பகுதிக் கிணற்றுத் தண்ணீரும் பீடத்துக்கு வரட்டும். ஐரோப்பாவில் உள்ள திருச்சபையும் நம் திருச்சபைதான். அங்கே படிக்கும் நம் குருக்களும், பணிபுரியும் நம் அருள்சகோதரிகளும் தங்கள் பங்குகளில் இந்தக் கதையைச் சொல்லட்டும். காலணி வாங்கும்போது அங்குள்ள கிறிஸ்தவர் ஒருவர், இதைத் தைத்தவருக்கு என்ன கிடைத்தது, அவர் ஊர்த் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கடைக்காரரிடம் கேட்டால், அந்தக் கேள்வி ஆர்டராக மாறி ஆம்பூர்வரை வரும். பென்டாகுளோரோபீனால் அப்படித்தான் ஒழிந்தது.

சிந்திக்க:

வரி நீங்குவதால் என் கைக்கு வரும் பங்கில் என்னைவிட எளியவருக்கு உரியது எவ்வளவு? நான் தைக்கும், விற்கும், அணியும் காலணிக்காக எந்த ஊரின் தண்ணீர் செலவாகிறது? என் அன்பியத்தில் திண்ணையில் குனிந்து தைப்பவரின் பெயர் எனக்குத் தெரியுமா?

தோல் பதனிடுபவரின் வீட்டில் தங்க வெட்கப்படாத பேதுருவின் திருச்சபை நாம். நம் வாசலுக்கு வரும் ஐரோப்பாவை அன்போடு வரவேற்போம். நம் ஆற்றையும் நம் தாய்மாரின் விரல்களையும் அதற்குக் காட்டுவோம். நீதியுள்ள இறைவன் நமக்குத் துணைபுரிவாராக. ஆமென்.